நிழலுக்குக் கட்டின என் முகம்

போராட்டத்துக்கு நான் போகலை. முதல்லயே இதைச் சொல்லிடறேன், ஏன்னா நான் போனேன்னுதான் வெளியில பேச்சு. அன்னைக்குக் காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் எங்க வீட்டுக்குள்ள, ஃபேனுக்குக் கீழ, நகத்தைக் கடிச்சுகிட்டு உக்காந்திருந்தேன். சத்தியமா சொல்றேன், வாசப்படியைக்கூடத் தாண்டலை.

எங்க குப்பம் திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் போற ரோட்டுல, கடல் பக்கம். ரோட்டுல கன்டெய்னர் லாரிங்க எப்பவும் வரிசைகட்டி நிக்கும். அதுக்கு இந்தாண்ட நாங்க. நான் கபடி ஆடறவ, ரைடர். கரையில மணல் இருந்த காலத்துல அதுலதான் விழுந்து எழுந்து ஆடக் கத்துக்கிட்டேன். இப்ப அந்த இடத்துல கடல் உள்ள வராம இருக்கப் பாறாங்கல்லைக் கொட்டி வெச்சிருக்காங்க. ஆடி ஆடி ஸ்டேட் டீமுக்குப் போனேன், மெடல் வாங்கினேன், ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ஒரு ஆபீஸ்ல வேலை கிடைச்சுது. எந்த ஆபீஸ்னு கேக்காதீங்க. அரசாங்கத்தோட சம்பந்தப்பட்டது, அவ்வளவுதான். எங்க குப்பத்துலேர்ந்து கழுத்துல அடையாள அட்டை மாட்டிகிட்டு அந்த மாதிரி கேட்டுக்குள்ள போன மொத ஆள் நான்தான்.

ஆனா வேலை இன்னும் நிரந்தரம் ஆகலை. ப்ரொபேஷன். அது முடியறதுக்குள்ள பேருல ஏதாவது ஒரு கறை விழுந்துச்சுன்னா ஒரே வரி எழுதி வீட்டுக்கு அனுப்பிடலாம். வேலை போச்சுன்னா ஆபீஸ் டீம் போச்சு. டீம் போச்சுன்னா ஆட்டமும் போச்சு. கல்யாணம் ஆகற வயசுல கீற மீன்காரப் பொண்ணைக் கூட்டிகினு போய் ஆட வைக்க எந்த கிளப்பு காத்துகிட்டு இருக்கு?

இந்த நேரம் பாத்துதான் மணல் கம்பெனி வந்துச்சு. கரையோரத்துல கறுப்பா மினுங்குமே தாதுமணல், அதைத் தோண்டி எடுக்கப் போறாங்களாம். கழிமுகத்துலேர்ந்து எங்க குப்பம் வரைக்கும் அளந்து, கொடி நட்டுட்டுப் போனாங்க. ஏற்கெனவே எங்க பக்கம் முன்வரிசை வீடுங்களைக் கடல் தின்னுடுச்சு. மிச்சம் இருக்கற மணலையும் வாரிட்டா எங்க போட்டை ஏத்தறது, எங்க வலையைக் காய வைக்கறது, எங்கதான் குந்தறது? ஊரே கொதிச்சுப் போச்சு.

எங்க ஊருல கோயிலாண்ட கூடி ஒரு முடிவு எடுத்தா அதுதான் சட்டம். போராட்டத்தன்னைக்கு ஒரு போட்டும் கடலுக்குப் போகக் கூடாது, வீட்டுக்கு ஒரு ஆள் பந்தல்ல வந்து உக்காரணும்னு முடிவாச்சு. எங்க நைனாவுக்குக் காசிமேட்டுல லாஞ்சு வேலை. கடலுக்குப் போனா திரும்பி வர நாளாகும். வீட்டுல நானும் அம்மாவும்தான். நம்ம வீட்டு ஆள் நான்தான்னு மனசுக்குள்ள நினைச்சுகிட்டு முன்னாடியே போய் உக்காந்திருந்தேன்.

ஊர்த் தலைவர் அம்மாவுக்கு அண்ணன் முறை, எனக்கு மாமா. அவர் மைக்கைப் பிடிச்சு, "எல்லாம் கேட்டுக்கங்கப்பா. நம்ம வெளாட்டுப் பொண்ணு வூட்லேர்ந்து அவங்கம்மா வந்தா போதும். பாப்பா வரக் கூடாது. வேல பெர்மனென்ட் ஆவற வரிக்கும் அது இந்தப் பக்கம் தலையே காட்டக் கூடாது. இது ஊர் கட்டுப்பாடு"ன்னார்.

எனக்கு ஜிவ்வுன்னு ஏறிடுச்சு. எழுந்து நின்னு, "இன்னா மாமா, கடலு எனுக்கு மட்டும் இல்லியா? எனுக்கு வாய் இல்லியா?"ன்னு கேட்டேன்.

"வாய் கீது. வேல போச்சுன்னா அந்த வாய்க்கு சோறு கீதா? குந்து"ன்னார்.

எல்லாரும் சிரிச்சாங்க. கோட்டுக்கு அந்தாண்ட ஏழு பேர் சேந்து என்னைப் பிடிச்சாலும் திமிறிகிட்டு வந்துடுவேன். பாசத்துல பிடிச்சா என்ன பண்றது? முணுமுணுத்துகிட்டே உக்காந்தேன். அதை விடக் கேவலம் என்னன்னா, உள்ளுக்குள்ள ஒரு மூலையில 'அப்பாடா'ன்னு இருந்துச்சு. அந்த அப்பாடாவை நினைச்சாத்தான் எனக்கு என் மேலயே பத்திகிட்டு வந்துச்சு.

அன்னைக்கு மைக் சத்தம் எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சு. ஒவ்வொரு கோஷத்துக்கும் என் வாய் தன்னால முணுமுணுக்கும். மத்தியானம் அம்மா தண்ணி குடிக்க வந்தா. மூஞ்சி வெயில்ல கருகிப் போயிருந்துச்சு. "ஷாமியானாக்காரன் கடேசி நேரத்துல ஜகா வாங்கிட்டான்டி. எவனோ மெரட்டிக்கிறான். நம்ம பசங்க எதையோ கட்டி நெழலு பண்ணிட்டாங்க"ன்னு சொல்லிட்டு, சொம்பை வெச்சுட்டு ஓடிப் போயிட்டா. அந்த 'எதையோ' என்னன்னு நான் கேக்கலை.

இங்க ஃப்ளெக்ஸைப் பத்திச் சொல்லணும். ஆபீஸ் டீமுக்காக ஆடி நான் மெடலோட வந்தப்ப எங்க தெரு முனையில பெருசா ஒண்ணு வெச்சாங்க, லாரியையே மூடற அளவுக்கு. ஆபீஸ் ஜெர்ஸி போட்டு, நெஞ்சுல ஆபீஸ் முத்திரையோட, மெடலைப் பிடிச்சுகிட்டு நான் ஈன்னு சிரிச்சுகிட்டிருப்பேன். எங்க பக்கம் ஃப்ளெக்ஸ் வீணாப் போனதா சரித்திரமே கிடையாது. கண்ணாலம், காதுகுத்து, கருமாதி, எலெக்ஷன், எதுக்கு வெச்சதா இருந்தாலும் அவுத்ததும் ஒழுகற கூரைக்குப் போகும், வலைக்குப் போர்வையாகும், குளிக்கற இடத்துக்கு மறைப்பாகும். என்னோடதை வலைக்கொட்டாய்ல மடிச்சு வெச்சிருந்தாங்க.

சாயங்காலம் எங்க டீம் கேப்டன்கிட்டயிருந்து வாட்ஸப்ல ஒரு போட்டோ வந்துச்சு. கீழ, "இன்னாடி இது?"ன்னு மட்டும் எழுதியிருந்தா. போட்டோவுல எங்க ஊரு சனம் கறுப்புக் கொடியோட தரையில உக்காந்திருக்கு. அவங்க தலைக்கு மேல, இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும், என் மூஞ்சி. பல்லு ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரியுது. நெஞ்சுல முத்திரை பளிச்சுன்னு. யாரோ புண்ணியவான் 'போராட்டத்தில் கபடி வீராங்கனை'ன்னு வேற எழுதி உலகத்துக்கே அனுப்பிட்டான்.

செருப்புகூடப் போடாம ஓடினேன்.

கூட்டம் கலைஞ்சு, ஃப்ளெக்ஸைக் கட்டின ஆளுங்க கயித்துக்குக் கீழ நின்னு பீடி பிடிச்சுகிட்டிருந்தாங்க. "ஏன் இதைக் கட்னீங்க?"ன்னு கத்தினேன்.

"நெழலுக்கு, பாப்பா."

"நெழலுக்குன்னா ஒயுங்கா கட்டக் கூடாதா? மூஞ்சி ஏன் கீழ இருக்குது?"

"வெள்ளப் பக்கம் மேல இருந்தாத்தான் சூடு உள்ள எறங்காது. படம் இருக்கற பக்கம் வெயில்ல கொதிக்கும். அதான் திருப்பிப் போட்டோம்."

"எல்லாருக்கும் தெரியுமேன்னு ஒர்த்தருக்கும் தோணலியா?"

அவங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துகிட்டாங்க. ஒருத்தர் தயங்கித் தயங்கி, "தெரிஞ்சுதும்மா. உன்னப் பாத்துகினே குந்தினு இருந்தோம். மெய்யாலுமே தெம்பா இருந்துச்சு"ன்னார்.

இதுக்கு மேல என்னத்தைத் திட்டறது? மாமா வந்து என் போனை வாங்கிப் பாத்தார். அவர் முகத்துல ரத்தமே இல்லை. அவரே ஏணியில ஏறி, கத்தியால கயித்தை அறுத்தார். என் மூஞ்சி சடசடன்னு மண்ணுல விழுந்துச்சு. போட்டோதான் ஏற்கெனவே கடல் தாண்டிப் போயிடுச்சே, இனிமே அவுத்து என்ன, கட்டி என்ன?

ஆபீஸ்ல உடனே கூப்பிடலை. கூப்பிட்டிருந்தாத் தேவலை. கேட்டுல வாட்ச்மேன் அட்டையைக் கொஞ்சம் கூடுதலாப் பாக்கற மாதிரி இருக்கும். மாடியில யாராவது சிரிச்சா என்னைப் பத்திதான்னு தோணும். பிராக்டிஸ்ல ரைடு போனா பாதியிலயே மூச்சு அறுந்துச்சு. கபடி கபடின்னு சொல்லிகிட்டே இருக்கணும், விட்டா அவுட். கோட்டைத் தாண்டினதும் என் மண்டைக்குள்ள 'வேலை வேலை'ன்னுதான் ஓடுது. நான் எங்க கபடி சொல்றது?

கடைசியில ஸ்போர்ட்ஸ் ஆபீசர் கூப்பிட்டார். அவர் பழைய வாலிபால் பிளேயர். கெட்டவர் இல்லை. அந்தப் போட்டோவைப் பெருசா பிரின்ட் எடுத்து மேஜை மேல வெச்சிருந்தார்.

"போனியா?"

"போகலை சார். அது ஃப்ளெக்ஸ் சார்." வெள்ளைப் பக்கம், சூடு, ஷாமியானா எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொல்லி முடிச்சேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அடக்கிகிட்டார். "சரி, அப்ப சுலபம். அனுமதி இல்லாம என் படத்தைப் போட்டாங்கன்னு ஸ்டேஷன்ல ஒரு புகார் குடுத்துடு. அதோட காப்பியை என்கிட்ட குடு. உன் ஃபைல் சுத்தமாயிடும். நானே மேல பேசறேன்."

"யார் மேல சார் புகார்?"

"கட்டினவங்க மேல."

"எங்க ஊரு ஆளுங்க சார்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள குடும்மா"ன்னு சொல்லிட்டு வேற பேப்பரை எடுத்தார்.

கதவு வரைக்கும் போனவ திரும்பி வந்தேன். "சார், ஒண்ணு கேக்கலாமா? லீவு நாள்ல, ஜெர்ஸி போடாம, நான் நெஜமாவே போயிருந்தா, அது தப்பா சார்?"

கையில இருந்த பேப்பரைக் கீழ வெச்சார். "ரூல்ல என்ன இருக்குன்னு கேக்கறியா, மேல என்ன சொல்வாங்கன்னு கேக்கறியா?"

"ரெண்டும் சார்."

"ரூல்ல என்ன இருக்குன்னு கேட்டா ஆளுக்கு ஒரு பதில் சொல்வாங்க. மேல என்ன சொல்வாங்கன்னா ஒரே பதில்தான்."

எங்க கேப்டன் புளியந்தோப்புப் பொண்ணு, வாய் நீளம், மனசு தங்கம். அவகிட்ட சொன்னேன். "உரிமை கீதுடி. ஆட்டக்காரினா ஊமையா? உன் ஊரு கடலுக்கு நீ பேசாம எவ பேசுவா?"ன்னு பொங்கினா. அப்பால தண்ணி பாட்டிலை மூடிகிட்டே, "இருந்தாலும் எழுதிக் குடுத்துட்டு வேலையப் பாரு மச்சி. ஒரு கையெழுத்துதானே"ன்னா. ஆபீஸ்ல இன்னும் சிலபேர் ரகசியமா வந்து உனக்கு உரிமை இருக்குன்னு தோளைத் தட்டிட்டுப் போனாங்க. அப்படிச் சொன்ன ஒவ்வொருத்தரும் பெர்மனென்ட் ஆனவங்க. அந்த வாரம் பூரா அதுதான் என் கண்ணை உறுத்திச்சு.

வெள்ளிக்கிழமை காலையில ஆபீஸ் கேட்டாண்ட போறேன், அங்க மாமா நிக்கறார். வெளுத்த வேட்டி, கஞ்சி போட்ட சட்டை. கூடவே கயிறு கட்டின ஆளுங்க, தலையில எண்ணெய் வெச்சுப் படிய வாரிகிட்டு. அம்மா மூலமா விஷயம் போயிருக்கு. மீன்பாடி வண்டியில வந்து எறங்கியிருக்காங்க. வாட்ச்மேன் உள்ள விடலை.

"எழுதிக் குடு பாப்பா"ன்னார் மாமா. "நாங்கதானே கட்னோம்? பொய் ஒண்ணும் இல்லியே. கேஸு எங்களுக்குப் புச்சா இன்னா? ஸ்டேஷன்ல எங்களுக்குன்னு ஒரு பெஞ்சே போட்டு வெச்சுக்கிறான்."

மத்தவங்க தலையை ஆட்டினாங்க. தெம்பா இருந்துச்சுன்னு சொன்னவர் மட்டும் என் முகத்தைப் பாக்கலை. அவருக்குப் பொண்ணு கண்ணாலம் நிச்சயமாகியிருக்குன்னு எனக்குத் தெரியும். ஸ்டேஷன், கேஸுன்னா மாப்பிள்ளை வீட்டுல என்ன சொல்லுவாங்கன்னும் தெரியும்.

உள்ள போனேன். மாடிப்படி ஏறும்போது வரைக்கும், சாமி சத்தியமா, எழுதிக் குடுக்கலாம்னுதான் இருந்தேன்.

"குடுத்தியா?"

"இல்ல சார்."

"ஏன்?"

"அவங்க தப்பு ஒண்ணும் பண்ணலை சார். வெயிலுக்குக் கட்டினாங்க. புகார் குடுத்தா நான் அந்தப் பக்கமே இல்லைன்னு எழுதின மாதிரி ஆயிடும். நான் அந்தப் பக்கம்தான் சார். இனிமே ஞாயித்துக்கிழமைதோறும் பந்தல் போடறாங்க, வர வாரம் நான் போகப் போறேன். ஜெர்ஸி போட மாட்டேன். ஆபீஸ் பேரை எடுக்க மாட்டேன். போய் உக்காருவேன், அவ்வளவுதான்." கபடி சொல்ற மாதிரி மூச்சு விடாமச் சொன்னேன். "ஜெர்ஸி ஆபீசுது சார். மூச்சு என்னுது."

அவர் கண்ணாடியைக் கழட்டி மேஜை மேல வெச்சார். "நீ எதுவும் சொல்லலை. நான் எதுவும் கேக்கலை. போம்மா"ன்னார். அவர் கோவிச்சிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

வெளியே வந்ததும் மாமா ஓடி வந்தார். "குடுத்துட்டியா?"

"இல்ல மாமா."

"அடிப்பாவி! இன்னாடி பண்ணிட்டே?" நடுரோட்டுல தலையில அடிச்சுகிட்டார். லாரிக்காரனுங்க எட்டிப் பாத்தானுங்க. "உனக்கு உரிமை கீதுன்னு எங்களுக்குத் தெரியாதா? அது எங்கியும் ஓடிப் போவாது பாப்பா. வேல போனா வருமா? ஒர்த்தி உள்ள போனியே, ஒரே ஒர்த்தி!" கண்ணைத் தோள்துண்டால ஒத்திகிட்டு வண்டியில ஏறி உக்காந்தவர், குப்பம் வர வரைக்கும் திட்டிகிட்டே வந்தார். எனக்கும் அழுகை வந்துச்சு, ஆனா மனசு லேசா இருந்துச்சு.

ஞாயித்துக்கிழமை போனேன். அம்மா பக்கத்துல உக்காந்தேன். மாமா முறைச்சார், ஆனா எழுப்பி அனுப்பலை. பழைய புடவைங்களைச் சேத்துத் தெச்சு நிழல் பண்ணியிருந்தாங்க. யாராவது செல்லை எடுத்தாலே எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. மைக்கை மாமா என் பக்கம் வரவே விடலை. கோஷம் போட்டேன். இத்தனை நாளா வீட்டுக்குள்ள முணுமுணுத்ததை வாய் விட்டுக் கத்தினேன். தொண்டை கட்டிப் போச்சு. அப்படி ஒரு சந்தோஷம், அப்படி ஒரு பயம். ரெண்டையும் பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரியலை.

அதுக்கப்புறம் ஆர்டர் வந்துச்சு. ப்ரொபேஷன் நீட்டிப்பு. வெளியூர் டோர்னமென்ட் டீம்ல என் பேர் இல்லை. காரணம்னு ஒண்ணும் எழுதலை. எழுதியிருந்தா சண்டை போடலாம், யூனியனுக்குப் போகலாம், கோர்ட்டுக்குக்கூடப் போகலாம். எழுதாத காரணத்தோட எங்க போய் மல்லுக்கட்டறது? கேப்டன் ரயில்ல ஏறின கையோட போன் பண்ணி ஓன்னு அழுதா. நான்தான் அவளுக்குச் சமாதானம் சொன்னேன்.

ஊருக்குத் தெரிஞ்சா தொலைஞ்சுது. அந்தக் கயித்தைக் கட்டின கையை அவங்களே வெட்டிப்பாங்க. மாமா என்னை வீட்டுல போட்டுப் பூட்டிடுவார், மறுபடி பந்தல் பக்கம் விடவே மாட்டார். அதனால முட்டியில அடி, டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொல்லிட்டார், அதான் டீமோட போகலைன்னு சொல்லிட்டேன். அம்மாகிட்டயும் அதையேதான் சொன்னேன்.

பொய் சொல்றது சுலபம், நொண்டறதுதான் பேஜாரு. தெருவுல நடக்கறப்ப எல்லாம் காலை இழுத்து இழுத்து நடந்தேன். ஊரே விசாரிச்சுது. ஒரு வீட்டுலேர்ந்து நண்டு ரசம், இன்னொரு வீட்டுலேர்ந்து சுறாப்புட்டு. கயிறு கட்டினவங்கள்ல ஒருத்தரோட சம்சாரம் முட்டிக்குக் கட்டுன்னு ஏதோ தழையை அரைச்சுகிட்டு வந்தாங்க. மாமா புத்தூர் வரைக்கும் போய் எலும்புக்குன்னு எண்ணெய் வாங்கிகிட்டு வந்து, வாசல்லயே நின்னு, "சீக்கிரம் தேறி எந்திரி பாப்பா, அடுத்த மேட்ச்சுல பின்னிடணும்"ன்னு சொல்லிட்டுப் போனார். நான் எண்ணெயை வாங்கிகிட்டு நொண்டிகிட்டே உள்ள போனேன்.

அன்னைக்குச் சாயங்காலம் அம்மா அந்த எண்ணெயைச் சுட வெச்சு எடுத்துகிட்டு வந்தா. "காலை நீட்டு"ன்னா. நீட்டினேன். மீன் வெட்டி வெட்டிக் காய்ச்சுப் போன கை. முட்டியைச் சுத்தி அழுத்தித் தேய்ச்சுகிட்டே இருந்தா. நான் கண்ணை மூடிகிட்டேன்.

"நேத்து சோத்தாங்காலுன்னு சொன்னே"ன்னா, கையை நிறுத்தாம.

நான் நீட்டியிருந்தது பீச்சாங்கால்.

அம்மா என்னை ஏறெடுத்தே பாக்கலை. இந்த முட்டியைத் தேய்ச்சு முடிச்சுட்டு, அந்தக் காலையும் இழுத்து மடியில வெச்சு எண்ணெயை ஊத்தினா. ரொம்ப நேரம் தேய்ச்சா. மூக்கை முந்தானையில ஒரு தரம் துடைச்சுகிட்டா.

"எங்கண்ணனுக்குத் தெரிய வேணாம். அது தாங்காது"ன்னா. அப்புறம் எண்ணெய்ப் பாத்திரத்தை எடுத்துகிட்டு எழுந்து, "ஞாயித்துக்கெழம பந்தலுக்குப் போறப்ப ஒரே காலா நொண்டு. மாத்தி மாத்தி நொண்டாத"ன்னு சொல்லிட்டு உள்ள போனா.